தமக்குத் தாமே நோட்டீஸ் அனுப்பிய முத்துக்கருப்பன்

மதுரையில் வைகைக்கு வடகரையில் ஒரு சர்க்கார் அலுவலகம் இருந்தது. எந்தத் துறை என்று சொல்வதற்கில்லை. சொன்னால் அந்தத் துறைக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். சொல்லாவிட்டால் எல்லாத் துறைக்காரர்களும் தங்களைத்தான் சொல்கிறான் என்று நினைத்துக்கொள்வார்கள். இரண்டாவதில் நியாயம் அதிகம். பிறந்தவர் பெயரையும் இறந்தவர் பெயரையும் எழுதி வைப்பது அங்கே வேலை. இந்த இரண்டுக்கும் நடுவில் உயிரோடு இருப்பவர்கள் சிலர் திருத்தம் கேட்டு வந்து தொந்தரவு செய்வார்கள். அவர்களால்தான் வேலை கெடுகிறது என்பது அங்கே எல்லோருடைய அபிப்பிராயமும்.

திருத்தம் பார்க்கிற மூன்றாம் மேஜையில் முத்துக்கருப்பன் இருந்தார். வயது முப்பத்தாறு. லஞ்சம் வாங்கமாட்டார். மனு கொண்டுவந்தவர் வாங்கிக் கொடுத்த டீயைக்கூடத் தொடமாட்டார். ஜனங்களுக்கு அதுதான் பெரிய கஷ்டமாக இருந்தது. வாங்குகிறவரிடம் ஒரு நாளில் முடிகிற காரியம் இவரிடம் ஒரு வருஷம் இழுக்கும். "ஒரு எழுத்து மாறினால் ஒரு ஆள் மாறும்" என்று அட்டையில் எழுதித் தலைக்கு மேலே தொங்கவிட்டிருந்தார். அது அவர் சொந்தமாகக் கண்டுபிடித்த வாக்கியம்.

அந்த அட்டைக்கு எதிரில் ஒன்பது மாதமாக நின்றுகொண்டிருந்தவர் கொட்டாம்பட்டிப் பக்கத்துக் காளை. ஐம்பது வயதுச் சம்சாரி. அவர் மகனுக்குப் பிறப்புப் பதிவேட்டில் கண்ணுச்சாமி என்று பெயர். பள்ளிக்கூடத்தில் யாரோ ஒரு வாத்தியார் நடுவில் இருந்த 'ச்'சை விழுங்கிவிட்டுக் கண்ணுசாமி என்று எழுதிவிட்டார். ஐ.டி.ஐ.யில் சேர்க்கப் போனால் இரண்டு சீட்டும் ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"ஐயா, ரெண்டும் எம் மகன்தாய்யா" என்றார் காளை.

"ரெண்டும்னு நீரே சொல்லிட்டீர். ரெண்டுன்னா ரெண்டு பேருதானே?"

"நான் பெத்தது ஒண்ணுங்கய்யா."

"பிறந்தது கண்ணுச்சாமி. பதிவேடு இருக்கு. படிச்சது கண்ணுசாமி. பள்ளிக்கூடத்துச் சீட்டு இருக்கு. பிறந்தவன் படிக்கலை. படிச்சவன் பிறக்கவே இல்லை. பிறக்காத ஆளுக்கு நான் எப்படியய்யா சான்று கொடுக்கிறது? அந்த இன்னொருத்தனைக் கூட்டிக்கிட்டு வாரும். பார்ப்போம்."

காளை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நாலரை மணி பஸ்ஸுக்குப் போய்விடுவார். அடுத்த வெள்ளிக்கிழமை திரும்பவும் வருவார். முத்துக்கருப்பனுக்கு அவர்மேல் ஒரு கோபமும் கிடையாது. உண்மையில் காளையின் நிலைமைக்காக அவர் மனசுக்குள் வருத்தப்பட்டார். விதியில் வருத்தத்துக்கு இடமில்லாததால் அதை வெளியே காட்டவில்லை.

இப்படிப்பட்ட மனிதர் வீட்டில்தான் ஐந்து வருஷமாகப் பெயரில்லாத ஒரு பெண் குழந்தை வளர்ந்தது.

பெயரில்லாமல் இல்லை. முத்துக்கருப்பன் தாயார் பெயர் அழகம்மாள். தலைச்சன் பெண்ணுக்கு அந்தப் பெயர்தான் என்று அழகர்கோவிலில் முடியிறக்கும்போதே முடிவாகி, அவரே தம் கையால் பதிவேட்டில் எழுதினார். தமிழில் ஒரு தடவை, இங்கிலீஷில் ஒரு தடவை. எழுதிவிட்டு ஆபீஸுக்குப் போய்விட்டார். பிள்ளையோடு வீட்டில் இருந்தது அவர் மனைவி பாண்டியம்மாள். மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லலாமா? அவள் வளர்ந்த வீட்டில் சொல்லமாட்டார்கள். பெயரை மட்டும் அல்ல, அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிற எதையும் சொல்லமாட்டார்கள். அவள் புடவைக் கடையில் "நல்லாருக்கு" என்பாளே தவிர "அழகா இருக்கு" என்று சொன்னதில்லை. அழகர்கோவிலுக்குப் போவதென்றால் கண்டக்டரிடம், "அந்த மலை அடிவாரத்துக்கு ரெண்டு டிக்கெட்டு" என்பாள். மதுரைக் கண்டக்டர்களுக்கு இந்த வழக்கம் தெரியும். சில்லறையோடு சேர்த்து, "மாமியாருக்கு என்ன வயசாகுது?" என்றும் கேட்பார்கள்.

மாமியார் பெயரைச் சொல்லிக் கூப்பிட முடியாது என்பதாவது பரவாயில்லை. திட்டவும் முடியாது. பாலைக் கொட்டின பிள்ளையைப் பெயர் சொல்லி நாலு வார்த்தை பேசினால் அது ஊரில் இருக்கிற கிழவியைப் பேசினதாகிவிடும். ஆகையால் பிள்ளை ஐந்து வயது வரைக்கும் "பாப்பா"வாகவே இருந்தாள். பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற நேரம் வந்தது. இங்கிலீஷ் ஸ்கூலில்தான் சேர்க்கவேண்டும் என்று பாண்டியம்மாள் ஒரே பிடியாக நின்றாள்.

"எனக்குத்தான் எட்டாங்கிளாசோட நின்னுபோச்சு. இவளாச்சும் டாக்டரு, வக்கீலுன்னு வரணும். அங்கனதான் சேக்கணும். அதுக்கு முந்தி பேரை மாத்தணும்."

"எங்கம்மா பேரையா மாத்தச் சொல்றே?"

"மாத்த வேணாம். எங்கக்கா மகளுக்குச் செஞ்ச மாதிரி எழுத்தைக் கொஞ்சம் தட்டிக் கொட்டிக்கலாம். சிம்மக்கல்லுல ஒருத்தரு இருக்காராம்."

1984-ஆம் வருஷத்து மதுரையில் எழுத்தைத் தட்டிக் கொட்டிக்கொள்ளாத வீடு குறைவு. சுண்டல் வண்டிக்காரர்கூடத் தன் பெயரில் ஓர் 'எச்' சேர்த்துப் பலகை மாட்டியிருந்தார். இந்த மகத்தான மாறுதலுக்குக் காரணமானவர் சிம்மக்கல்லில் பருப்பு மண்டிக்கு மேலே மாடியில் இருந்த சோணைமுத்து. அவர் முன்பு லாரிகளுக்கு நம்பர் பிளேட் எழுதிக்கொண்டிருந்தார். எண்களோடு அவருக்கு ஏற்பட்ட பழக்கம் அப்படித்தான். தம் பெயரில் இரண்டு 'ஓ'வும் ஒரு 'எச்'சும் சேர்த்த பிற்பாடு மண்டி வாசலிலிருந்து மாடிக்கு ஏறிவிட்டார் என்று அவரே எல்லோருக்கும் சொல்வார்.

அவர் குழந்தையின் பெயரை இங்கிலீஷில் எழுதினார். தகப்பன் எழுத்தான 'எம்'மை முன்னால் போட்டார். ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண்ணைப் போட்டுக் கூட்டினார். கூட்டிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

"என்னங்க வருது?" என்றாள் பாண்டியம்மாள்.

"எட்டு."

"எட்டுன்னா?"

"சனி. தனியாப் பார்த்தா பேருல கோளாறு இல்லை. தகப்பன் எழுத்து சேர்ந்ததும் எட்டாகுது."

பாண்டியம்மாள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த ஒரு விஷயம் ருசுவானதைப்போல அவள் பார்த்தாள்.

பரிகாரம் இருந்தது. ஏ, எல், எல், எச், ஏ, ஏ, ஜி, எச், ஏ, ஏ, எச். பதினோரு எழுத்து. தகப்பன் எழுத்தோடு கூட்டினால் ஆறு வருகிறது. ஆறு சுக்கிரன், காரும் பங்களாவும் தானாக வரும். அதோடு 'ஏ'யில் ஆரம்பிக்கிற பெயர் எப்போதும் முன்னால் நிற்கும் என்றார் சோணைமுத்து.

"இதை எப்படி வாசிக்கிறது?" என்றார் முத்துக்கருப்பன்.

"அழகான்னுதான். உங்கம்மா பேரு உள்ளதான் இருக்கு."

"அப்ப நான் எப்படிக் கூப்பிடுறது? மறுபடியும் அவுக பேராவுல்ல போகுது?" என்றாள் பாண்டியம்மாள்.

"அம்மா, இத்தனை 'எச்' போட்டா எந்த மனுசனாலயும் உச்சரிக்க முடியாது. வாயில வராத பேருல மரியாதைக் குறைச்சல் எப்படி வரும்?"

மகன் மனசும் நோகவில்லை, மருமகள் வழக்கமும் கெடவில்லை. இருவரும் திருப்தியாகப் படியிறங்கினார்கள்.

பெயரை இரண்டு தாளில் எழுதி, ஒன்றை வீட்டு வாசல் கதவில் ஒட்டினார்கள்; இன்னொன்றைக் கடைகளில் காட்டினார்கள். தபால்காரர் அதைப் பார்த்து, "அல்லாகாக்" என்று வாசித்துவிட்டு வெளிநாட்டு விலாசமோ என்று யோசித்தார். ரேஷன் கடைக்காரருக்குப் பாதி வாசிக்கும்போதே தும்மல் வந்துவிட்டது. அல்லது அவர் முழுக்க வாசித்ததே அப்படிக் கேட்டது. மெயின் ரோட்டு மருந்துக் கடைக்காரர் மட்டும் ஒரே மூச்சில் தப்பில்லாமல் வாசித்து, "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. சாப்பாட்டுக்கு அப்புறம்" என்றார்.

இங்கிலீஷ் ஸ்கூலில் மனுவை வாங்கிக்கொண்டார்கள். ஆனால் பிறப்புச் சான்றிலும் இதே பெயர் இருக்கவேண்டும், ஜூன் பதினைந்து வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் கொண்டுவராவிட்டால் இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு ஒரு மாதம் இருந்தது.

"நம்ம ஆபீஸ்தானே. நம்ம மேஜைதானே. ரெண்டு நாள்ல முடியும்" என்றார் முத்துக்கருப்பன். அதைச் சொல்லும்போது அவருக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவேண்டும் என்பார்கள். இங்கே சாமியும் அவர், பூசாரியும் அவர். யார் தடுக்கப்போகிறார்கள் என்று நினைத்தார்.

மறுநாள் மனுவை எழுதித் தம்மிடமே கொடுத்தார். வாங்கித் தேதி முத்திரை குத்தினார். குத்திவிட்டுப் படித்துப் பார்த்தார். ஒரு எழுத்தா, இரண்டு எழுத்தா? எண்ணி மாளவில்லை. தலைக்கு மேலே அட்டை தொங்கியது.

கண்காணிப்பாளர் நல்லகாமனிடம் போய் யோசனை கேட்டார். நல்லகாமன் ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. அதுவரைக்கும் எதிலும் கையெழுத்துப் போடாமல் இருப்பது ஒன்றே அவருடைய குறிக்கோள்.

"சொந்தப் பிள்ளை பேரை நீங்களே திருத்தினா தணிக்கையில மாட்டுவீங்க" என்றார் அவர். "விதிப்படி நாலாம் மேஜைக்கு மாத்திவிடுங்க."

"நாலாம் மேஜையில ஆள் இல்லாம ரெண்டு வருஷமாச்சே சார். கூடுதல் பொறுப்பு எங்கிட்டதான் இருக்கு."

"பார்த்தீங்களா, அதுக்கும் ஆள் இருக்கு. அப்புறம் என்ன கவலை?"

கோப்பு மூன்றாம் மேஜையிலிருந்து நாலாம் மேஜைக்குப் புறப்பட்டது. இரண்டு மேஜைக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி. முத்துக்கருப்பன் கையை நீட்டினால் எட்டும். ஆனால் கையால் கொடுக்க விதியில்லை. பியூன் மருது அதைத் தூக்கிக்கொண்டு அனுப்புகைப் பிரிவுக்குப் போனார். அங்கே பதிந்து, வரவுப் பிரிவுக்கு வந்து, அங்கே வரிசையில் கிடந்து, பன்னிரண்டாம் நாள் நாலாம் மேஜைக்கு வந்து சேர்ந்தது. முத்துக்கருப்பன் நாற்காலியை ஒரு முழம் தள்ளிப் போட்டு உட்கார்ந்து அதைப் பெற்றுக்கொண்டார்.

நாலாம் மேஜையில் உட்கார்ந்து படித்தபோது அந்த மனு அவருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஏதோ நாகரிகப் பைத்தியம் பிடித்த ஆசாமி எழுதினதுபோல இருந்தது. இருந்தாலும் சட்டப்படி ஒரு சந்தர்ப்பம் கொடுக்கவேண்டும். "மேற்படி மனுதாரர் அசல் ஆவணங்களுடன் திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு நேரில் ஆஜராகவேண்டும், மூன்று தவணை தவறினால் மனு தள்ளுபடியாகும்" என்று நோட்டீஸ் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினார். இரண்டு நாள் கழித்து வீட்டில் அந்தக் காக்கிக் கவரைக் கையெழுத்துப் போட்டு வாங்கினபோது அவர் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. சர்க்கார் கவர் வீட்டுக்கு வந்தால் யாருக்குத்தான் அடிக்காது?

"நீங்கதானே எழுதினீக?" என்றாள் பாண்டியம்மாள்.

"எழுதினது ஆபீஸ். வந்திருக்கிறது எனக்கு. உனக்கு நடைமுறை தெரியாது" என்றார் அவர்.

இங்கேதான் ஒரு சிக்கல். பணி நேரத்தில் ஊழியர்கள் சொந்தக் காரியம் பார்க்கக்கூடாது என்று ஒரு சுற்றறிக்கை உண்டு. அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டினவரே முத்துக்கருப்பன்தான். ஆகையால் திங்கட்கிழமைக்கு ஒரு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, டவுன் பஸ் ஏறி, மனுதாரராக ஆபீஸுக்கு வந்தார். வரிசையில் நின்றார். அவருக்கு முன்னால் காளை நின்றார். வெள்ளிக்கிழமைகள் ராசியில்லை என்று யாரோ சொன்னதால் அன்றைக்குத் திங்கட்கிழமையில் வந்திருந்தார்.

"வாங்க தம்பி, நீங்களும் வரிசையா?" என்றார் காளை. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தால் ஐயா, இந்தப் பக்கம் வந்தால் தம்பி என்பது அவர் வழக்கம். மடியிலிருந்து ஒரு கை வறுத்த கடலை எடுத்துக் கொடுத்தார். மனுதாரராக இருந்ததால் முத்துக்கருப்பன் அதை வாங்கிக்கொண்டார்.

ஒரு மணி நேரம் நின்றார்கள். மருது வெளியே எட்டிப் பார்த்தார்.

"மூணாம் மேஜை, நாலாம் மேஜை ரெண்டும் ஐயா இன்னைக்கு லீவு. நாளைக்கு வாங்க."

முத்துக்கருப்பனுக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. "என்னய்யா ஆபீஸ் நடத்துறீங்க? நோட்டீஸ் அனுப்பி வரச்சொல்லிட்டு லீவு போட்டா என்ன அர்த்தம்? ஏழை பாழைங்க வேலையை விட்டுட்டு வந்து நிக்கிறது அந்த ஆளுக்குத் தெரியவேணாமா?"

"அவுக அப்படித்தான் தம்பி. நாம சத்தம் போட்டு ஒண்ணும் ஆகப்போறதில்ல" என்று காளை அவரைச் சமாதானப்படுத்தினார்.

இரண்டாம் தவணை புதன்கிழமை. போன தடவை நடந்த தப்பு நடக்கக்கூடாது என்று முத்துக்கருப்பன் லீவு போடாமல் நாற்காலியில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். மருது வாசலில் நின்று, "முத்துக்கருப்பன், முத்துக்கருப்பன், முத்துக்கருப்பன்" என்று மூன்று தடவை கூப்பிட்டார். பதில் இல்லை. எழுந்து போகலாம் என்றால் பணி நேரம். கடிகாரத்தைப் பார்த்தார். பதினைந்து நிமிஷம் பொறுத்தார். பிறகு, "மனுதாரர் மும்முறை அழைத்தும் ஆஜராகவில்லை" என்று எழுதினார். எழுதும்போது அவருக்கு அந்த மனுதாரர்மேல் ஓர் அருவருப்பு ஏற்பட்டது. பிள்ளையின் படிப்பில் இவ்வளவு அலட்சியமான தகப்பனை அவர் பார்த்ததே இல்லை.

மூன்றாம் தவணை ஜூன் பதினைந்து வெள்ளிக்கிழமை. அன்றைக்குத்தான் ஸ்கூலிலும் கடைசி நாள்.

புதன்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். பாண்டியம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னார். "எனக்குப் பதிலா நீ வந்து நில்லு. தாயார் ஆஜராகலாம்னு விதியில இடம் இருக்கு. ஆனா பதிவேட்டுல இருக்கிற பேரை அதிகாரி முன்னால வாயால சொல்லணும்."

"எந்தப் பேரை?"

"எங்கம்மா பேரை."

"என்னைய வெட்டிப் போட்டாலும் சொல்லமாட்டேன்" என்றாள் பாண்டியம்மாள். சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஊர்ப்பட்ட பிள்ளைக்கெல்லாம் சீட்டு எழுதிக் கொடுக்கிறீக. நம்ம பிள்ளைக்கு முடியலையா?"

பாப்பா மூலையில் உட்கார்ந்து புது சிலேட்டில் கோடு கிழித்துக்கொண்டிருந்தாள். முத்துக்கருப்பன் அவளைப் பார்த்தார். எட்டு வருஷ உத்தியோகத்தில் தம் மேஜைக்கு எதிரில் நின்றவர்கள் எப்படி இருந்திருப்பார்கள் என்று அன்றைக்குத்தான் யோசித்தார். யோசிக்க யோசிக்க அவமானமாக இருந்தது.

மறுநாள் வேறு வேலையாக டவுனுக்கு வந்திருந்த காளையை டீக்கடையில் பார்த்தார். நடந்ததைச் சொன்னார். காளை வேப்பங்குச்சியை மென்றுகொண்டே கேட்டார். ஒன்பது மாதம் அலைந்ததில் அந்த அலுவலகத்து விதிகளில் அவருக்கு இருந்த தேர்ச்சி நல்லகாமனுக்கே கிடையாது.

"தம்பி, ஒரு ஆளை நம்பி எழுதிக் கொடுத்தா அந்த ஆளு மனுதாரருக்குப் பதிலா ஆஜராகலாம். ரெண்டாம் சன்னலுக்கு மேல கண்ணாடிச் சட்டத்துல போட்டிருக்கு. எம் மகன் வாசிச்சுச் சொன்னான்."

"யாரை நம்புறது?"

"என்னையத்தான். நான் எப்படியும் வெள்ளிக்கிழமை அங்கனதான நிப்பேன்?"

முத்துக்கருப்பன் அந்த இடத்திலேயே அதிகாரக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு மருது மூன்று தடவை கூப்பிட்டார். காளை உள்ளே வந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். முத்துக்கருப்பன் பேனாவைத் திறந்தார்.

"பதிவேட்டில் உள்ள பெயரைச் சொல்லும்."

"அழகம்மாளுங்கய்யா."

"மனுவில் கண்ட பெயர்?"

"அது எனக்கு வாயில வரலீங்கய்யா."

"யாருக்கும் வராது. அது ஆட்சேபணை இல்லை. மனுதாரருக்கு எத்தனை குழந்தைகள்?"

"ரெண்டுங்கய்யா."

முத்துக்கருப்பனின் பேனா நின்றது. "ஒண்ணுதானே?" என்றார் மெதுவாக.

"அது எப்படிங்கய்யா? பிறப்புப் புத்தகத்துல ஒண்ணு இருக்கு. ஸ்கூல் தாளுல ஒண்ணு இருக்கு. ஒரு எழுத்து மாறினா ஒரு ஆளு மாறும்னு உங்க தலைக்கு மேல போட்டிருக்கு. இதுல மாறின எழுத்தை எண்ணினா ஏழெட்டுப் பிள்ளை இருக்கணும். நான் குறைச்சு ரெண்டுன்னு சொன்னேன்."

"காளை, பிள்ளை ஒண்ணுதான்னு உமக்குத் தெரியும்."

"எனக்குத் தெரிஞ்சு என்ன செய்ய? சீட்டுக்குத் தெரியணுமே. அந்த இன்னொரு பிள்ளையக் கூட்டிக்கிட்டு வரட்டும், பாப்போம்."

மற்ற மேஜைக்காரர்கள் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். அது ஒன்றும் ஆச்சரியமில்லை. அவர்கள் தொடங்கவே இல்லை. ஆனால் நிமிர்ந்து பார்த்தார்கள். மணி பதினொன்றேகால் ஆனது. ஸ்கூல் வாசலில் பாண்டியம்மாள் பாப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாள்.

"காளையண்ணே" என்றார் முத்துக்கருப்பன். அந்த நாற்காலியிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை. "ஒண்ணுன்னு சொல்லுங்கண்ணே. எம் பிள்ளை படிப்பு போயிரும்."

"எம் மகனுக்கு ஒரு வருஷம் போயே போச்சு தம்பி. இந்த ஒம்போது மாசத்துல நீங்க கேட்ட அந்த இன்னொருத்தனைப் பெத்தே கொண்டாந்திருக்கலாம். வீட்டுல அவளுக்கு வயசாயிருச்சு, அதான்." காளை குரலை உயர்த்தவில்லை. "எங் கண்ணுச்சாமி ஒருத்தன்தான்னு நீங்க எழுதுங்க. உங்க பாப்பா ஒருத்திதான்னு நான் சொல்லுறேன்."

முத்துக்கருப்பன் எழுந்து அட்டையைக் கழற்றி அலமாரிக்குப் பின்னால் போட்டார். இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "எழுத்துகள் வேறாயினும் ஆள் ஒருவரே என்று நம்ப இடமிருக்கிறது" என்று இரண்டிலும் எழுதினார். எழுதி முடிக்க நாலு நிமிஷம் பிடித்தது. ஒன்பது மாதத்து வேலை நாலு நிமிஷந்தான் என்று தெரிந்தபோது அவருக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது. காளை சீட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "வாரேன் ஐயா" என்றார். திரும்பவும் ஐயாவாகிவிட்டார்.

சாயங்காலம் ஸ்கூல் மூடுவதற்குள் சான்று போய்ச் சேர்ந்தது. அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு முத்துக்கருப்பனே ஓடினார். பெயர் இருந்தது, முத்திரை இருந்தது, எல்லாம் பொருந்தியது. வகுப்பு மிஸ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பெயரை வாசிக்கப் பார்த்தாள். உதடு இரண்டு தடவை குவிந்தது. பிறகு விட்டுவிட்டாள்.

"உன் பேர் என்னம்மா?" என்று பிள்ளையிடமே கேட்டாள்.

"பாப்பா."

மிஸ் சிரிக்கவில்லை. வருகைப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினாள். நாற்பத்து மூன்று பிள்ளைகள். ஒரு பெயரையும் மனிதர் வாசிக்க முடியாது. அத்தனையும் சிம்மக்கல்லுக்குப் போய்வந்த பெயர்கள். "கேட்டா பதினேழு பிள்ளைங்க பாப்பாங்குது. மீதியெல்லாம் குட்டிங்குது. வாசிச்சா அவங்க பேரு அவங்களுக்கே தெரியலை. அதனால இங்கே நம்பர்தான். இங்கிலீஷ் எழுத்து வரிசைப்படி கொடுக்கிறோம்." விரலை மேலிருந்து கீழே இறக்கினாள். 'ஏ'யில் ஆரம்பித்தால் முன்னால் நிற்கலாம் என்று சோணைமுத்து எல்லோருக்கும் சொல்லியிருந்தபடியால் 'ஏ'யிலேயே ஏழு பேர் முன்னால் நின்றார்கள். "இவ நம்பர் எட்டு."

பாண்டியம்மாள் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள். "வேற நம்பர் கிடையாதாம்மா?" என்றாள்.

"பேரை மாத்திக்கிட்டு வந்தா கிடைக்கும்" என்றாள் மிஸ்.

திங்கட்கிழமை முதல் பிள்ளை ஸ்கூலுக்குப் போனாள். சட்டையில் துணியில் தைத்த ஓர் எட்டு இருந்தது. தெருமுனையில் தபால்காரர் அதைப் பார்த்து "எட்டு" என்றார். ரேஷன் கடைக்காரர் தும்மாமல் "எட்டு" என்றார். மருந்துக் கடைக்காரர்கூட வேறொன்றும் சேர்க்கவில்லை. பிறந்ததிலிருந்து அந்தப் பிள்ளைக்கு இருந்த பெயர்களில் எல்லோரும் ஒரே மாதிரி வாசித்தது அது ஒன்றுதான். பிள்ளைக்குப் பெருமை தாங்கவில்லை.

அன்று மாலை பாண்டியம்மாள் சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு, "பாப்பா, சாப்பிட வா" என்று கூப்பிட்டாள். பிள்ளை வாசலில் நின்றுகொண்டு அசையவில்லை.

"பாப்பா."

"நான் பாப்பா இல்ல. எட்டு."

பாண்டியம்மாள் திரும்பிப் பார்த்தாள். எந்த எண்ணுக்குப் பயந்து சிம்மக்கல் மாடி ஏறினாளோ அந்த எண் வாசலில் பட்டினியாக நின்றது. பசியோடு நிற்கிற பிள்ளையைப் பார்த்துக்கொண்டு எந்தத் தாய்தான் சனியை நினைப்பாள்?

"எட்டு, சாப்பிட வாத்தா" என்றாள்.

பிள்ளை ஓடி வந்தாள். ஐந்து வருஷத்தில் அந்த வீட்டில் தாய் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான். முத்துக்கருப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லோரும் ஒப்புக்கொண்ட பெயரைப் பதிவேட்டிலும் ஏற்றிவிடுவதுதானே முறை என்று தோன்றியது. ஒரு புது மனுத்தாளை எடுத்தார். தமக்கே விலாசம் எழுதினார். திருத்தப்பட வேண்டிய பெயர் என்ற இடத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

எட்டை எண்ணால் எழுதுவதா, எழுத்தால் எழுதுவதா? எண்ணாலும் எழுத்தாலும் எழுதலாம். ஆனால் அப்போது இரண்டாகிவிடும். இரண்டும் ஒன்றுதான் என்பதற்குச் சான்று கேட்பார்களே என்று முத்துக்கருப்பன் யோசித்தார். கேட்கப்போவது யார் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த ஆள் லேசில் விடமாட்டான். காளைக்கு ஒரு கார்டு போட்டு, வெள்ளிக்கிழமை வரமுடியுமா என்று கேட்டு எழுதினார்.